39 பல்லோடு மலை ஏறாதீர்கள்: ரோடு பைக்குக்கு கிராங்க் தேர்ந்தெடுப்பது எப்படி

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப் பலகை: ஏழு புலவர்கள், ஏழு வள்ளல்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பலகைக்குப் பக்கத்தில் நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். அங்கிருந்து தள்ளிக்கொண்டேதான் போனேன்.

அப்போது என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய அலுமினிய ரோடு பைக். கியர் செட் ஷிமானோ கம்பெனியின் 105, 5700 வரிசை, பின்னால் 10 கியர். முன்னால் 53/39 பல், பின்னால் 12-25 கேசட், அதாவது 12 முதல் 25 பல் வரை உள்ள பல்சக்கர அடுக்கு. ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும்போது ஒரு குறையும் தெரியவில்லை. மலையில் மூன்றாவது வளைவுக்குள் கியர் மாற்றும் ஷிஃப்டரைத் தட்டினேன், நகரவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். கடைசி கியரில்தான், அதாவது மிக லேசானதில்தான், ஏற்கெனவே இருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அலைந்தேன். தப்பாக வாங்கியது இரண்டு பொருள், தண்டம் 3,400 ரூபாய். நீங்கள் அந்தப் பணத்துக்கு டயராவது வாங்குங்கள்.

1. உங்களிடம் இருப்பது என்ன என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

பெடல் மாட்டியிருக்கும் இரண்டு கைகளும் முன்பக்கப் பல்சக்கரங்களும் சேர்ந்ததுதான் கிராங்க்செட். கடையில் 'கிராங்க்' என்றாலே போதும், இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் பல்சக்கரத்திலேயே பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். அழிந்துபோயிருந்தால் ஒரு பல்லில் சாக்பீஸ் தடவிவிட்டு எண்ணுங்கள்.

53/39 என்றால் ஸ்டாண்டர்ட். 50/34 என்றால் காம்பாக்ட். இரண்டுக்கும் நடுவில் 52/36, இதை மிட் காம்பாக்ட் என்பார்கள். 48/32, 46/30 என்று இன்னும் சிறியதும் உண்டு. அது பெரும்பாலும் கிராவல் பைக்கில்தான் வரும்.

இனி போனை எடுத்து ஐந்து படம் பிடியுங்கள். கிராங்க் கையின் உள்பக்கம் இருக்கும் குறியீடு (என்னுடையதில் எஃப்சி-5700). கேசட்டின் பெரிய பல்லிலும் சின்னப் பல்லிலும் இருக்கும் எண். பின் டெரெய்லரின் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) குறியீடு. ஷிஃப்டரின் குறியீடு. கிராங்க் அச்சு ஃப்ரேமுக்குள் நுழையும் இடம். கடையில் கேட்கப்போகும் எல்லாக் கேள்விக்கும் பதில் இந்த ஐந்து படத்தில் இருக்கிறது. நான் படம் எடுக்காமல் போய், 'ஷிமானோதான் அண்ணா, கறுப்பா இருக்கும்' என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

கையின் உள்பக்கம் 165, 170, 172.5, 175 என்று ஓர் எண்ணும் இருக்கும். அது கையின் நீளம், மில்லிமீட்டரில். பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போது இருக்கும் நீளம் உடம்புக்கு ஒத்துப்போகிறது என்றால் புதியதிலும் அதையே கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் முட்டி வலி எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

2. போகப்போகும் சாலையைக் கணக்குப் போடுங்கள்

காம்பாக்ட்டா ஸ்டாண்டர்டா என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். எனக்குக் கடைசியில் உதவியது ஒரே ஓர் எண்: கடைசி கியரில், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், என்ன வேகம் வரும்?

கணக்கு சுலபம். முன்னால் சின்னதன் பல்லைப் பின்னால் பெரியதன் பல்லால் வகுங்கள். வரும் விடையை 7.6-ஆல் பெருக்குங்கள். 700-25 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும் என்பதால் இந்த 7.6. விடை மணிக்கு இத்தனை கிலோமீட்டர்.

என் 39/25-க்கு விடை கிட்டத்தட்ட 12. அதே கேசட் 28 பல்லாக இருந்தால் 10.6. காம்பாக்ட்டில் 34/28 என்றால் 9.2. 34/32 என்றால் 8. 34/34 என்றால் 7.6.

அடுத்து உங்கள் நிஜமான மலை வேகத்தைப் பாருங்கள். போனில் ஜிபிஎஸ் பதிவு இருந்தால் ஏற்றப் பகுதியை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். என்னோடு ஓட்டும் பலருக்கும் காட் ரோட்டில் 7 முதல் 10 கிலோமீட்டர் வேகம்தான். எனக்கு 8. 39/25-ல் 8 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 40 சுற்று. உட்கார்ந்து மிதித்தால் ஒவ்வொரு மிதியும் உயரமான படியில் மூட்டையோடு ஏறுவது மாதிரி இருக்கும். மூச்சுக்கு முன்னால் முட்டி மாட்டிக்கொள்ளும். 34/32-ல் அதே வேகத்துக்கு 60 சுற்று.

வாட் கணக்கு தெரிந்தவர்களுக்கு: ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் 12 கிலோமீட்டர் வேகத்துக்கு 240 வாட்டுக்கு மேல் வேண்டும். 9.2-க்கு 190 வாட்டுக்குள் முடிந்துவிடும். இந்த 50 வாட் வித்தியாசம்தான் மலை உச்சியில் டீ குடிப்பதா, பாதியில் பாரியோடு பேசிக்கொண்டிருப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஏற்ற சதவீதம் தெரியவில்லையா? ஏறும் உயரத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 10 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறினால் சராசரி 6 சதவீதம். சராசரியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கொண்டை ஊசியின் உள்விளிம்பு சராசரியை விட மிகச் செங்குத்தாக இருக்கும். எதிரே பஸ் வந்தால் உங்களை அந்த உள்விளிம்புக்குத்தான் ஒதுக்குவார்கள். ஏற்காடு பாதையில் 20 வளைவு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36. கல்லட்டிக்கு 34/32 கூடக் கனம் என்று சொல்லும் நல்ல ரைடர்களை எனக்குத் தெரியும்.

ஈசிஆர், ஓஎம்ஆர் தாண்டிப் போகவே மாட்டேன் என்பவரா? இந்தக் கணக்கே உங்களுக்கு வேண்டாம், இருப்பதை வைத்து ஓட்டுங்கள். எதிர்காற்றுக்கு மட்டும் ஒரு லேசான கியர் வேண்டியிருக்கும். அதற்குக் கேசட் போதும்.

3. கிராங்கைத் தொடுவதற்கு முன் கேசட்டைப் பாருங்கள்

நான் தலைகீழாகச் செய்தது இதைத்தான். பல நேரம் கேசட்டை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். செலவும் மூன்றில் ஒரு பங்குதான்.

பின் டெரெய்லருக்கு இரண்டு எல்லை உண்டு. ஒன்று, அது தாங்கும் பெரிய பல். இரண்டு, மொத்தக் கொள்ளளவு. முன்னால் பெரியதற்கும் சின்னதற்கும் உள்ள பல் வித்தியாசத்தையும் பின்னால் உள்ள வித்தியாசத்தையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை கொள்ளளவுக்குள் இருக்க வேண்டும். மீறினால் ஒரு கோடியில் செயின் தொங்கும், இன்னொரு கோடியில் இழுத்துப் பிடிக்கும்.

11 கியர் 105, ஆர்7000 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் குட்டைக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கை குட்டையானது) டெரெய்லர் 30 பல் வரை, கொள்ளளவு 35. நீளக் கூண்டு 34 பல் வரை, கொள்ளளவு 39. நீளக் கூண்டு இருந்தால் 53/39 கிராங்கை அப்படியே வைத்துக்கொண்டு 11-34 கேசட் போடலாம். 14-உம் 23-உம் சேர்ந்து 37, எல்லைக்குள்தான். கடைசி கியர் 39/34, வேகம் 8.7. காம்பாக்ட்டில் 28 பல் போட்டவரை விட உங்களுக்கு லேசான கியர்! கிராங்கே மாற்ற வேண்டாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஷிமானோவின் 11 கியர் 11-34 கேசட், எச்ஜி700-உம் எச்ஜி800-உம், 11 கியர் ரோடு ஹப்பில் (பின்சக்கரத்தின் நடு உருளை) ஏறும்போது பின்னால் 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்று போட வேண்டும். அதை மறந்தால் கேசட் ஆடும். கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

இன்னொரு பொறி செயின் நீளம். பெரிய கேசட்டைப் போட்டுவிட்டுப் பழைய செயினையே விட்டால், முன்னால் பெரியது பின்னால் பெரியது என்று தெரியாமல் தட்டும் ஒரு நொடியில் டெரெய்லரே பிய்த்துக்கொண்டு வரும். கேசட் பெரிதானால் செயினும் நீள வேண்டும். புதுக் கேசட்டில் தேய்ந்த செயின் போட்டால் பல்லும் சீக்கிரம் போய்விடும், ஆகவே இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

என் கதையில் குட்டைக் கூண்டு 5700 டெரெய்லர். 28 பல் வரை, கொள்ளளவு 33. கேசட்டை மட்டும் மாற்றியிருந்தால் 39/28 கிடைத்திருக்கும், வேகம் 10.6. என் 8-க்கு அது போதாது. ஆகவே எனக்குக் காம்பாக்ட்டே கட்டாயம். 50/34-உம் 11-28-உம் போட்டால் 16-உம் 17-உம் சேர்ந்து சரியாக 33. எல்லையின் விளிம்பில் உட்கார்ந்தது.

நடுவில் ஒருவர், ஷிமானோவின் இன்னொரு வரிசையைச் சொல்லி, 'டியாக்ரா 4700 டெரெய்லர் நீளக் கூண்டும் 10 கியர்தான், அதைப் போட்டால் 34 பல் ஏறும்' என்றார். வாங்காமல் தப்பித்தேன். 10 கியர் என்பது ஒன்றே, ஆனால் 4700 கேபிளை இழுக்கும் அளவு 5700-ஐ விட வேறு. மாட்டலாம், கியர் ஒழுங்காக விழாது.

4. எதை எடுப்பது

என் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ரோடு பைக் என்றால் காம்பாக்ட். யோசிக்க ஒன்றுமில்லை. புதிதாக வாங்கும், ஷிமானோவின் கிளாரிஸ், சோரா வரிசை போட்ட பைக்குகளில் பெரும்பாலும் 50/34-தான் வருகிறது. 12 கியர் 105, ஆர்7100-ல் ஷிமானோ 50/34, 52/36 இரண்டு மட்டுமே தருகிறது. 53/39 பழைய பைக்குகளில்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள்தான் அதில் போய் மாட்டுகிறோம்.

'காம்பாக்ட் போட்டால் டாப் ஸ்பீடு போய்விடும்' என்பார்கள். கணக்குப் பாருங்கள். 50/11-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கிலோமீட்டருக்கு மேல் வரும். 53/11-ல் 54-க்கு மேல். 53/12 என்றால் 50-தான். அதாவது 11 பல் உள்ள காம்பாக்ட், 12 பல்லில் தொடங்கும் ஸ்டாண்டர்டை விட வேகமானது. என் பழைய செட்டே 53/12. மாற்றியபின் எனக்கு டாப் கியர் ஏறித்தான் இருக்கிறது. தட்டையான சாலையில் 50-ஐத் தாண்டி எத்தனை நிமிடம் ஓட்டியிருக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இறக்கத்தில் வேண்டுமே என்றால், காட் ரோடு இறக்கத்தில் மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை, கை இரண்டும் பிரேக்கில்தான் இருக்கும்.

காம்பாக்ட்டுக்கு ஒரு நிஜமான குறை இருக்கிறது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 50-லிருந்து 34-க்கு இறங்கும்போது 16 பல் ஒரேயடியாகக் குறைகிறது. கால் சட்டென்று காற்றில் சுழலும். முன்னால் இறக்கும் அதே மூச்சில் பின்னால் இரண்டு கியர் கனமாக்கப் பழக வேண்டும். குழுவில் 24, 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இது அதிகம் உறுத்தும். 34-ல் பின்னால் 15, 14 என்று கோணலாக ஓடும். 50-க்குப் போனால் 21, 23 என்று மறுபக்கம் கோணல். ஸ்டாண்டர்டில் அதே வேகம் 39/17-ல், செயின் நேராக, சுகமாகப் போகும். ஈசிஆர் காலை ரைடில் இரண்டு வாரம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. மூன்றாவது வாரம் கை தானாகப் பழகிவிட்டது.

52/36 யாருக்கு? நீளக் கூண்டு டெரெய்லரும் 11-34 கேசட்டும் இருப்பவருக்கு. 36/34 என்பது 34/32-க்குச் சமம். மலையும் ஏறலாம், சமவெளியில் கொஞ்சம் கூடுதல் கனமும் கிடைக்கும். 28 பல் கேசட்டோடு 52/36 எடுத்தால் இரண்டும் கெட்டான்.

53/39-ஐ வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள்: டிரையத்லான், டைம் டிரையல் என்று தட்டைச் சாலையிலேயே வாழ்பவர்கள், காலில் வலு இருப்பவர்கள். பிரெவே (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) ஓட்டப்போகிறவர் காம்பாக்ட் பக்கம் வந்துவிடுங்கள். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். நேரம் தாராளம். 150-ஆவது கிலோமீட்டரில் வரும் சின்ன மேட்டில்தான் 39 தன் குணத்தைக் காட்டும்.

5. பொருந்துமா என்று பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்

என் முதல் தண்டம் இங்கேதான். கிராங்க் எதற்கு, 39-ஐக் கழற்றிவிட்டு 34 பல் ரிங் ஒன்றை மட்டும் மாட்டினால் போதுமே என்று நினைத்து, 1,900 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். மெக்கானிக் அதை வாங்கி என் கிராங்கின் மேல் வைத்துக் காட்டினார். ஐந்து ஓட்டையில் ஒன்று சேர்ந்தால் மற்ற நான்கும் உள்ளே தள்ளி நின்றன.

"தம்பி, இது 130. இதுல 38-க்குக் கீழ எதுவும் உக்காராது. நீங்க வாங்கினது 110."

போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம்தான் இந்த எண். பிசிடி என்பார்கள். பழைய ஐந்து போல்ட் ஸ்டாண்டர்ட் கிராங்குக்கு 130, காம்பாக்ட்டுக்கு 110. வீட்டில் பள்ளிக்கூட ஸ்கேல் வைத்தே அளக்கலாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டின் மையத்துக்கு மையம் 76 மில்லிமீட்டர் என்றால் 130. 64, 65 என்றால் 110. பிரித்த பெட்டி என்று திருப்பி எடுக்கவில்லை. அந்த ரிங் இன்னும் என் மேஜையில் டீ கிளாஸுக்கு அடியில் இருக்கிறது.

ஷிமானோவின் நான்கு போல்ட் கிராங்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் 53/39, 52/36, 50/34 எல்லாவற்றுக்கும் ஒரே 110. ரிங்குகளை மட்டும் மாற்றலாம். ஆனால் இரண்டையும் சோடியாகவே மாற்றுங்கள். 34-ஐ மட்டும் வாங்கி 52-ஓடு மாட்டினால் வித்தியாசம் 18 பல். ரோடு முன் டெரெய்லருக்கு எல்லை 16. செயின் உள்ளே விழுந்து ஃப்ரேமைக் கீறும். ரிங் இரண்டின் விலையையும் கேட்டுவிட்டு முழுக் கிராங்கின் விலையையும் கேளுங்கள். வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் முழுக் கிராங்கே லாபம்.

இரண்டாவது தண்டம் பிபி. அதாவது ஃப்ரேமின் அடியில் கிராங்க் அச்சு சுழலும் பேரிங். 4,500 ரூபாய்க்கு ஒருவரிடம் பழைய காம்பாக்ட் கிராங்க் வாங்கினேன். பல் சரி, பிசிடி சரி. அச்சு 30 மில்லிமீட்டர். என் ஃப்ரேமில் இருந்தது 24 மில்லிமீட்டர் ஷிமானோ அச்சுக்கான திருகு பிபி. உள்ளேயே போகவில்லை. 3,000-க்கு விற்றுத் தலைமுழுகினேன். ஷிமானோ ஹாலோடெக் என்றால் 24. ஸ்ராம் கம்பெனியின் டப் என்றால் 28.99. பிபி30 என்றால் 30. விற்பவரிடம் அச்சின் குறுக்களவைக் கேட்டு வாங்குங்கள். 'எல்லா பைக்குக்கும் போடலாம்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

பழைய கிராங்க் வாங்குபவர்களுக்கு இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. 2019 ஜூலைக்கு முன் தயாரான 11 கியர் அல்டெக்ரா, டியூரா ஏஸ் கிராங்குகளில் ஒட்டியிருக்கும் இரண்டு பாகங்கள் பிரிந்து உடையும் அபாயம் இருப்பதாக ஷிமானோவே 2023 செப்டம்பரில் அறிவித்துச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னது. எஃப்சி-6800, ஆர்8000, 9000, ஆர்9100 இந்தப் பட்டியலில் வரும். 105 வராது. கையின் உள்பக்கம் இருக்கும் இரண்டெழுத்து உற்பத்திக் குறியீட்டைப் படம் கேட்டு வாங்கி, ஷிமானோ தளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். சோதனை செய்த ரசீது காட்ட முடியாதவரிடம் வாங்க வேண்டாம். மலை இறக்கத்தில் கிராங்க் கை பிரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

6. செலவும் பில்லும்

இது நான் கடைசியில் சரியாகச் செய்தபோது கொடுத்தது, சென்னையில். டியாக்ரா 4700 கிராங்க், 50/34, 8,000 ரூபாய். புது பிபி 1,600. 11-28 கேசட் 2,200. செயின் 1,700. கூலி 1,000. மொத்தம் 14,500. பிபி நன்றாகச் சுழன்றால் மாற்ற வேண்டாம். என்னுடையது கையால் சுற்றினாலே கரகரத்தது.

கேசட், செயின், கூலி மட்டும் என்றால் 4,900-க்குள் முடிந்திருக்கும். நீளக் கூண்டு டெரெய்லர் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும். மூன்று இடத்தில் கேட்டு, மாடல் எண், பல், கை நீளம் மூன்றும் எழுதிய கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையில் ஆர்டர் கொடுத்த நண்பருக்கு 50/34 வந்தது, கை 175-ஆக.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள் பாகங்களுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். வாரண்டிக்குப் போனால் கேட்பதும் இந்தப் பில்தான், மாடல் எண் அதில் இருக்க வேண்டும். 'சைக்கிள் ஸ்பேர்ஸ், 1 எண்' என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகத் தெரியும். கூரியரில் வந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள். சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து வீட்டு வாசலில் நிற்கும்போது அந்த மலிவு இருக்காது. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவது இன்னொரு கதை. புதியவர்களுக்கு நான் சொல்வது, உள்ளூரிலேயே வாங்குங்கள், பழைய கிராங்கோடு சைக்கிளையும் கடைக்கே கொண்டுபோங்கள்.

7. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நீங்களே செய்வதென்றால் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் தொடங்காதீர்கள். மெக்கானிக் செய்தால் பக்கத்தில் நின்று இந்த நான்கைக் கவனியுங்கள்.

முன் டெரெய்லர் கீழே இறங்க வேண்டும். 53 போய் 50 வந்தால் பல்சக்கரத்தின் ஆரம் 6 மில்லிமீட்டர் குறைகிறது. அதே 6 மில்லிமீட்டர் டெரெய்லரும் இறங்கி, கூண்டின் வெளித்தகட்டுக்கும் பல் நுனிக்கும் நடுவில் 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி நிற்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தை நுழைத்துப் பார்த்தார் எங்கள் மெக்கானிக், லேசாக உரசிக்கொண்டு போனது. இதைச் செய்யாமல் கேபிளை மட்டும் முறுக்கிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அப்படி விட்டால் செயின் அடிக்கடி கழன்று விழும், காம்பாக்ட் மேல் பழி வரும். சில ஃப்ரேம்களில் டெரெய்லர் மாட்டும் காடி அவ்வளவு கீழே போகாது. கிராங்க் வாங்குவதற்கு முன்பே அந்தக் காடியைப் பார்த்துவிடுங்கள்.

செயினை வெட்டும் முன் அளவு பார்க்க வேண்டும். டெரெய்லர் வழியாக விடாமல், முன்னால் பெரியது பின்னால் பெரியது சுற்றிப் பிடித்து, சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுவது வழக்கம்.

ஹாலோடெக் கிராங்கின் இடது கையில் உள்ள இரண்டு போல்ட்டும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகக் கூடாது, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அதற்கு முன் போடும் பிளாஸ்டிக் மூடி கையால் இறுக்கும் அளவுக்குத்தான், 1.5-க்கு மேல் போகக் கூடாது. அதை மல்லுக்கட்டி இறுக்கினால் பேரிங் போய்விடும். இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டின் முள், அச்சில் உள்ள ஓட்டைக்குள் இறங்கியிருக்க வேண்டும். கை கழன்று வந்துவிடாமல் பிடிப்பது அதுதான். பிபியைக் கழற்றும்போது வலதுபக்கம் எதிர்த்திருகு, தெரியாமல் திருப்பி ஃப்ரேமின் மரையைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவதாக, உள்பக்கம் ஒரு செயின் கேட்சர் போடச் சொல்லுங்கள். 16 பல் இறங்கும் இடத்தில் அது செயினுக்குத் தடுப்புச் சுவர்.

8. எப்போது செய்வது

போட்டிக்கோ பிரெவேக்கோ மூன்று வாரம் இருக்கும்போது வேண்டாம் என்பது என் கட்சி. பொருள் வர ஒரு வாரம், சில அளவுகளுக்கு இன்னும் அதிகம். மாட்ட அரை நாள். கை பழக இரண்டு, மூன்று வாரம். எனவே ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். சனி, ஞாயிறில் கடைக்குப் போகாதீர்கள். செவ்வாய், புதனில் போனால் மெக்கானிக்குக்கு உங்கள் சைக்கிளைப் பார்க்க நேரம் இருக்கும்.

முதல் ரைடு தட்டையான சாலையில் 30 கிலோமீட்டர். முன்னால் ஏற்றி இறக்கி ஐம்பது தடவையாவது செய்து பாருங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் இடது கை போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சில் சோதித்துவிடுங்கள். புதுக் கேபிள் போட்டிருந்தால் கொஞ்சம் நீண்டிருக்கும், கடையில் ஒரு சின்ன டியூனிங் இலவசமாகவே செய்து தருவார்கள். அது முடிந்த பிறகுதான் மலைக்குப் போங்கள்.

பழைய கிராங்கை உடனே விற்காமல் ஒரு மாதம் வைத்திருங்கள். விற்கும்போது விளம்பரத்தில் 53/39, பிசிடி 130, அச்சு 24, கை 170 என்று நான்கு எண்ணையும் போடுங்கள். என்னுடையது 2,500-க்குப் போனது, வாங்கியவர் டிரையத்லான்காரர்.